முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

வாங்கிய பாகங்களைக் கொண்டு வீட்டு மேசையில் முதன்முதலாக ஒரு ரைஃபிளைப் பொருத்தி முடித்தவர்கள், அது சரியாக வேலை செய்யாதபோது முதலில் சந்தேகிப்பது பேரலைத்தான். அதிக விலை கொடுத்து வாங்கிய பாகம் அதுதான் என்பதைத் தவிர இந்தச் சந்தேகத்துக்கு வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை. என் அனுபவத்தில் முதல் ரைஃபிளின் கோளாறுகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு திருகில் தொடங்குகிறது: நீளம் கூடிய திருகு, இறுக்கம் குறைந்த திருகு, இறுகியதுபோல் நடித்து எதையும் பிடிக்காத திருகு. ஆகவே இந்தக் குறிப்பில் திருகுகளே அதிக இடம் பிடிக்கும்.

எடுத்துக்கொண்டிருக்கும் ரைஃபிள், அமெரிக்காவில் வீட்டில் பொருத்துபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வகை. 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 மாதிரியின் அளவுகளை ஒட்டிய ரிசீவர் (போல்ட் உள்ளே ஓடும் உலோகக் கூடு), நட்டு வைத்து இறுக்கும் ஆயத்தப் பேரல், ரிசீவரைத் தாங்கும் அலுமினியச் சேஸி, ஸ்கோப், .308 வின்செஸ்டர் தோட்டா. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி ரிசீவரே துப்பாக்கி; அதை உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகப் பின்னணிச் சோதனையோடு வாங்கிய பிறகு மற்ற பாகங்களைச் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பொருத்திக்கொள்ளலாம். மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இது படித்தறிவதற்கு மட்டுமே.

கீழே வரும் எந்தச் சோதனைக்கும் முன்பு மேகசினைக் கழற்றி, போல்டைத் (தோட்டா அமரும் குழியான சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உருளையைத்) திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, அது காலி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்மையான தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. தோட்டாவை வைத்துப் பார்க்க வேண்டிய இடங்களில் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா போதும்.

காலியாக இருக்கும்போதே போல்ட் இறுக்கமாக மூடுகிறது

இந்த அறிகுறியை முதலில் வைப்பதற்குக் காரணம், இதற்கு விடை காண ஒரு தோட்டாகூடச் செலவாகாது என்பதும், இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் பின்னர் மைதானத்தில் வேறு பெயரில் இதையே சந்திப்பார்கள் என்பதும்தான். ரெமிங்டன் 700 வகையில் போல்ட் மூடிய நிலையில் அதன் இரண்டு பூட்டுப் பற்களில் ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் நிற்கும். மேலே ஸ்கோப் ரயிலை (ஸ்கோப் அமரும் உலோகப் பட்டையை)ப் பிடிக்கும் திருகுகள் இறங்குகின்றன. கீழே சேஸியிலிருந்து ரிசீவருக்குள் ஏறும் முன் திருகு வருகிறது. இவற்றில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் அதன் நுனி பல்லை உரசும் அல்லது பல் பூட்டிக்கொள்ள இடம் தராது.

எந்தத் திருகு என்று கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. சேஸியிலிருந்து ரிசீவரை முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் போல்டை மூடிப் பாருங்கள். இப்போது வழுக்கிக்கொண்டு மூடினால் குற்றவாளி கீழ்த் திருகு. அப்போதும் இறுக்கம் நீடித்தால் ரயில் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் போல்டை மூடிப் பார்க்க வேண்டும். உறுதி செய்துகொள்ள, சந்தேகப்படும் திருகின் நுனியில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, மீண்டும் இறுக்கி, போல்டை இரண்டு முறை திறந்து மூடிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நுனியில் மை அழிந்து வெள்ளி நிறத்தில் ஒரு பிறை தெரியும். போல்டின் பல்லிலோ முதுகிலோ அதே அகலத்தில் ஒரு கீறலும் இருக்கும். என் முதல் ரைஃபிளின் போல்ட் முதுகில் அப்படி ஒரு கீறல் இன்றும் இருக்கிறது.

திருகின் நுனியை மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மரையின் ஓரத்தைச் சுத்தம் செய்து மாட்டினால் வேலை முடிந்தது. ரயிலோடு வெவ்வேறு நீளத்தில் திருகுகள் வந்திருந்தால், எது முன்பக்கத்துக்கு என்று தாளில் எழுதியிருப்பதைப் படிப்பது இன்னும் எளிது.

திருகுகள் எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் போல்ட் இறுக்கமாக இருந்தால், பற்களின் பின்முகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உலோகம் உலோகத்தோடு உலர்ந்து உரசும் அந்த இடத்தில் ஒரு கடுகளவு கிரீஸ் அவசியம். கைப்பிடியைத் தூக்கும்போது மட்டும் பாரமாக இருப்பதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். இந்த வகை போல்ட் திறக்கும்போதுதான் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கை மடக்குகிறது.

டம்மித் தோட்டாவோ கேஜோ வைத்தால் மட்டும் மூடவில்லை. அல்லது எதை வைத்தாலும் மூடுகிறது

இது ஹெட்ஸ்பேஸ் பற்றிய அறிகுறி. போல்டின் முகத்துக்கும், தோட்டா உறையின் தோள் சேம்பரில் போய் நிற்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் அது. கேஜ் என்பது அதை அளக்கச் சேம்பரில் வைக்கும், தோட்டா வடிவிலான உலோகத் துண்டு. .308 வின்செஸ்டருக்கு 'கோ' கேஜின் அளவு 1.630 அங்குலம், 'நோ கோ' கேஜின் அளவு 1.634 அங்குலம். இடையில் இருப்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. கண்ணாலோ, கையிலிருக்கும் தோட்டாவை வைத்தோ அளக்கக்கூடிய தூரம் அல்ல இது. ஆகவே இந்த இரண்டு கேஜ்களையும் வாங்காமல் பேரல் மாட்டுவதைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சோதிக்கும் முன் போல்டிலிருந்து ஃபயரிங் பின் தொகுதியையும், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட வேண்டும். அவற்றின் ஸ்பிரிங்குகள் இருக்கும் வரை கைக்குக் கிடைக்கும் உணர்வு பொய்யானது. கழற்றிய போல்ட் 'கோ' கேஜின் மேல் தன் பாரத்திலேயே விழுந்து மூட வேண்டும். 'நோ கோ' கேஜின் மேல் பாதியிலேயே நிற்க வேண்டும். விரல் நுனிக்கு மேல் பலம் கொடுத்தால் கேஜும் சேம்பரும்தான் கெடும்.

'கோ' கேஜிலேயே மூடவில்லை என்றால் முதலில் சேம்பரைத் துணியால் துடைத்துப் பாருங்கள். உலோகத்தூள் ஒன்று போதும் மூடாமல் இருக்க. துடைத்த பின்னும் மூடாவிட்டால் பேரல் அதிகமாக உள்ளே திருகப்பட்டிருக்கிறது. 'நோ கோ' கேஜிலும் மூடினால் பேரல் வெளியே தள்ளி நிற்கிறது. அந்த நிலையில் சுட்டால் உறையின் அடிப்பகுதி கிழிந்து வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும், எனவே சரியாகும் வரை அந்த ரைஃபிளில் தோட்டா போட வேண்டாம். நட்டு வைத்த பேரலில் இரண்டு நிலைகளையும் சரிசெய்யும் முறை ஒன்றே: நட்டைத் தளர்த்தி, 'கோ' கேஜை உள்ளே வைத்துப் போல்டை மூடி, பேரல் கேஜைத் தொடும் வரை திருகி, நட்டை இறுக்குவது. நட்டை இறுக்கும்போது மரையின் இடைவெளி இழுத்துக்கொள்வதால் அளவு சற்று நகர்வது வழக்கம். ஆகவே இறுக்கிய பின் இரண்டு கேஜ்களையும் கட்டாயம் மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். நான் கண்டவரை, தவறு செய்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டாம் சோதனையைத் தவிர்த்தவர்களே.

எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. 'கோ' கேஜின் அடியில் செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டி, விளிம்பை வட்டமாக வெட்டிவிட்டால் கேஜ் ஏறக்குறைய ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளும். ஒரு துண்டோடு போல்ட் தயங்கி மூடி, இரண்டு துண்டுகளோடு நின்றுவிட்டால் மிக நல்ல பொருத்தம். நட்டு இல்லாத, தோள் வைத்துக் கடைந்த பேரலில் அளவு தப்பினால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை; அது கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் கன்ஸ்மித்தின் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின்) வேலை.

மேகசினிலிருந்து தோட்டா ஏறவில்லை

போல்ட் தோட்டாவின் தலைக்கு மேலாகச் சறுக்கிப் போனால் மேகசின் தாழ்ந்து நிற்கிறது. மேகசினைக் கீழிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்டைத் தள்ளிப் பாருங்கள். அப்போது ஏறினால் குறை மேகசினைப் பிடிக்கும் கொக்கியின் உயரத்தில் உள்ளது. அழுத்தியும் ஏறாவிட்டால் வேறொரு மேகசினை மாட்டிப் பாருங்கள். குண்டின் மூக்கு ரிசீவரின் சரிவில் முட்டி நின்றால், தோட்டாவின் மொத்த நீளம் கூடிவிட்டதா என்று அளக்க வேண்டும்.

ஃபயரிங் பின் விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை

இது மைதானத்தில் நேரும். குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருந்து, பிறகே போல்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிதானாலும் உண்டு.

எடுத்த தோட்டாவின் பிரைமரில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, வழக்கமானதுபோல் இருந்தால் குறை தோட்டாவில். மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் முழு வேகத்தோடு போகவில்லை. புதிய போல்டில் இதற்கு முதற்காரணம், துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் உள்ளே தடவிய கெட்டியான எண்ணெய்ப்பசை. குளிர் காலையில் அது மெழுகாக உறைந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். போல்டைப் பிரித்து உட்புறத்தை உலரத் துடைத்துவிட்டாலே பல ரைஃபிள்கள் சரியாகிவிடுகின்றன. பள்ளம் எப்போதும் ஒரே மாதிரி மேலோட்டமாக இருந்தால் ஹெட்ஸ்பேஸை மறுபடி அளக்க வேண்டும். தோட்டா முன்னே தள்ளி நிற்பதால் ஃபயரிங் பின் எட்டாமல் போயிருக்கலாம். தாமே தோட்டா நிரப்புபவர்கள், பிரைமர் உறையின் அடியோடு முழுவதுமாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேடாக நிற்கும் பிரைமர் முதல் அடியில் உள்ளே அமர்ந்துகொண்டு, இரண்டாம் அடியில் வெடிக்கும்.

சுட்ட பிறகு போல்ட் தூக்க வரவில்லை

இந்த இடத்தில் சுடுவதை நிறுத்த வேண்டும். கைப்பிடியை மரச்சுத்தியலால் தட்டித் திறந்து அடுத்த தோட்டாவைப் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. வெளியே வந்த உறையின் அடியில் எஜெக்டரின் துளை அளவுக்குப் பளபளப்பான வட்டம் பதிந்திருந்தாலோ, பிரைமரின் ஓரம் தட்டையாகி, அது அமரும் குழி முழுக்க நிரம்பியிருந்தாலோ, அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது. தாமே நிரப்பிய தோட்டாவானால் மருந்தின் எடை, குண்டு ரைஃப்ளிங்கின் (பேரலின் உள்ளே உள்ள சுழல்வரிகளின்) விளிம்பில் முட்டும் அளவுக்கு நீளமாகப் பொருத்தப்பட்டிருப்பது, வெயிலில் காய்ந்த தோட்டா ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கடையில் வாங்கிய தோட்டாவிலும் இதே குறி வந்தால், சேம்பரில் எண்ணெய் தங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் துடைத்துவிட்டு, சுட்ட உறைகளை ஒரு பையிலிட்டு ரைஃபிளோடு கன்ஸ்மித்திடம் கொண்டுபோக வேண்டும்.

ட்ரிகரைத் தொடாமலே ஃபயரிங் பின் விழுகிறது

காலி ரைஃபிளில் மூன்று சோதனைகள். போல்டைச் சற்று வேகமாக அடித்து மூடினால் பின் விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு சேஃப்டியை எடுக்கும்போது பின் விழக் கூடாது. ரப்பர்ச் சுத்தியலால் ரிசீவரின் பக்கத்தில் லேசாகத் தட்டினாலும் விழக் கூடாது. இவற்றில் ஒன்றில் விழுந்தாலும், ட்ரிகரின் எடையை ஆசைப்பட்டுக் குறைத்திருந்தால் அதைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏற்றி மறுபடி சோதியுங்கள். மறுபடியும் விழுந்தால் அந்த ட்ரிகரை மாட்டவே வேண்டாம். ட்ரிகர் என்பது வீட்டில் அரம் வைத்துத் தேய்க்கும் பொருள் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்ததே தவறக்கூடும் என்பதற்கு, ரெமிங்டன் நிறுவனம் ஒட்டுப்பசை அதிகமாகிவிட்டது என்று சொல்லி எக்ஸ்மார்க் ப்ரோ ட்ரிகர்களை 2014இல் திரும்ப அழைத்துக்கொண்டது சான்று.

ஸ்கோப்பைச் சரிசெய்யும் திருப்பி எல்லைக்குப் போய்விட்டது; குண்டு இன்னும் கீழேதான் விழுகிறது

தொலைவில் சுடுவதற்காகப் பலர் 20 எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள ரயில் வாங்குகிறார்கள். அதன் உயர்ந்த முனை பின்பக்கம், சுடுபவரின் கண்ணருகே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் 100 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய 20 அங்குலம் தாழ்ந்து விழும்; எவ்வளவு திருப்பினாலும் சில ஸ்கோப்புகள் அதை எட்டிப் பிடிக்காது. நான் இதைச் செய்து, ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டே நாற்பது தோட்டாக்களைத் தாளுக்குக் கீழே இருந்த மண்மேட்டில் புதைத்தேன். ரயிலின் இரண்டு முனைகளையும் காலிப்பரில் அளக்க அரை நிமிடம்கூட ஆகாது. ரயில் சரியாக இருந்தும் இடவலத் திருப்பி எல்லைக்குப் போனால், ரயிலின் துளைகள் ரிசீவரின் மையக்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

குண்டுகள் ஓரிடத்தில் சேரவில்லை

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். அவசரப்பட்டு விடை சொல்லக் கூடாத கேள்வியும் இதுதான். மூன்று குண்டுகள் விழுந்த தாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஐந்து குண்டுகள் வீதம் மூன்று தாள்கள், பேரல் ஆறுவதற்கு இடைவெளி விட்டு, ஒரே பெட்டித் தோட்டாவில் சுட்டு வையுங்கள். ஓர் எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம். மூன்று தாள்களும் ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால் அது கோளாறே அல்ல. அந்தத் தோட்டாவின் இயல்பு அதுவாக இருக்கலாம்.

தாளில் இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகத் துளைகள் விழுந்திருந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டிருக்கிறது. மீண்டும் திருகுக்கு வருகிறோம். ரயிலின் முன் திருகு நீண்டு, பேரலின் மரையில் போய் முட்டி நின்றால், கையில் இருக்கும் ரெஞ்ச் இறுகிவிட்டது என்று சொல்லும். ரயிலோ பிடிப்பில்லாமல் மிதக்கும். மற்ற திருகுகளைக் கழற்றிவிட்டு அந்த ஒரு திருகை மட்டும் இறுக்கி, ரயிலை விரலால் ஆட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அலுமினியச் சேஸியில் ரிசீவரைப் பிடிக்கும் திருகுகளுக்கு 65 இன்ச்-பவுண்டு என்பவை பலரும் கையாளும் அளவுகள். பாகத்தோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கை அளவில் இறுக்குவதை நம்ப வேண்டாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கப் பணமில்லை என்பவர், ஸ்கோப்பை ஒரு படி குறைவாக வாங்கியாவது அதை வாங்க வேண்டும்.

அடுத்தது பேரலுக்கும் முன்கட்டைக்கும் இடையிலான இடைவெளி. ஒரு ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ, மடிக்காமல், பேரலுக்கு அடியில் முன்னிருந்து நட்டு வரை தடையின்றிப் போக வேண்டும். மேசையில் தடையின்றிப் போன நோட்டு, பைபாடை (இருகால் தாங்கியை) விரித்து ரைஃபிளை நிறுத்தியதும் போகாமல் நின்றால், முன்கட்டை பாரத்தில் வளைந்து பேரலைத் தொடுகிறது. ஆகவே இந்தச் சோதனையைச் சுடும் நிலையிலேயே செய்ய வேண்டும்.

மரத்தாலோ ஃபைபராலோ ஆன கட்டையில் ரிசீவர் சமமாக அமராமல் இருப்பது இன்னொரு காரணம். ரைஃபிளை நிமிர்த்தி நிறுத்தி, இடக்கையின் ஆள்காட்டி விரலைக் கட்டையின் நுனியும் பேரலும் சேரும் விளிம்பின் மேல் இரண்டையும் தொடும்படி வைத்து, வலக்கையால் முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். பிறகு இறுக்குங்கள். விரலுக்கடியில் பேரல் எழும்பி அமர்வதை உணர்ந்தால், ரிசீவர் கட்டைக்குள் வில்லாக வளைந்து உட்கார்ந்திருக்கிறது. விரலின் உணர்வை நம்பாதவர்கள் டயல் கேஜை வைத்து அளக்கலாம். அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளுக்கு மேல் முள் நகர்ந்தால் எப்பாக்ஸி ஊற்றிப் படுக்கை அமைக்க வேண்டிய நேரம். உள்ளடங்கிய மேகசின் பெட்டி உள்ள கட்டையில், அந்தப் பெட்டி ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் நசுங்காமல் சற்று ஆடுகிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தோட்டாக்களின் வேகம் ஒன்றுக்கொன்று மாறுகிறது, அல்லது ரைஃபிளைத் தாங்கும் மணல் மூட்டை ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் இருக்கிறது. இடவலமாகப் பரவியிருந்தால் காற்றையும் ட்ரிகர் விரலையும் பாருங்கள். ஸ்கோப்பில் பாரலாக்ஸ் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று அறிய, ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்கள். குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நீந்தினால் பக்கவாட்டுத் திருப்பியைச் சரிசெய்ய வேண்டும். ஸ்கோப்பையே சந்தேகித்தால், நன்றாகச் சுடும் வேறொரு ரைஃபிளிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிச் சுடுவதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால், சுடுபவரைச் சோதிக்க வேண்டும். மைதானத்தில் ஒரு நண்பர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை டம்மியையும் சில முறை உண்மைத் தோட்டாவையும் வைத்துக் கொடுக்கட்டும். டம்மியில் ஃபயரிங் பின் விழும்போது குழல்வாய் கீழே அமுங்கினால், தோள் உதையை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே விலகுகிறது. இந்தச் சோதனையில் எனக்கு நானே வெட்கப்பட்டிருக்கிறேன். அதுவரை மாட்டிய இரண்டு புதிய ஸ்கோப் வளையங்களையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பேரல் கடைசி. குழல்வாயின் உள்விளிம்பில் காட்டன் பட்ஸை மெதுவாகச் சுற்றி இழுங்கள். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அங்கே விளிம்பு அடிபட்டிருக்கிறது, அதை மீண்டும் கடைந்து தருவது கன்ஸ்மித்துக்குச் சிறிய வேலை. செம்பு படிந்திருந்தால் அதற்கான கரைப்பானில் துணியின் நீலநிறம் மறையும் வரை துடைத்து, மறுபடி ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும். புதிய பேரலில் முதல் நூறு, இருநூறு தோட்டாக்களுக்குள் வேகம் சற்று ஏறுவது பலரும் கண்டது; தாமே நிரப்புபவர்கள் அதற்கு முன் மருந்தின் அளவை இறுதி செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

தாளில் துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றன

குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது. பேரலின் முறுக்குக்கு அந்தக் குண்டு நீளம் அதிகம் என்பது ஒரு காரணம். எடை குறைந்த, குட்டையான குண்டில் வட்டத் துளை வந்தால் அதுதான் காரணம். மற்றொன்று, குழல்வாயில் மாட்டிய, உதையைக் குறைக்கும் பிரேக்கின் உள்சுவரில் குண்டு உரசுவது. பிரேக்கைக் கழற்றி, வெளித்துளையின் ஓரத்தில் செம்போ ஈயமோ ஒட்டிய பளபளப்பான கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பிரேக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் மரையும் பேரலின் தோளும் நேராக இருக்கின்றனவா என்று நேர்க்கம்பி வைத்துப் பார்க்கும்படி கன்ஸ்மித்திடம் கொடுங்கள். அதுவரை மரையைக் காக்கும் மூடியை மாட்டிக்கொண்டு சுடலாம்.